முள் சொன்ன சூடு

போன தீபாவளிக்கு மறுநாள், கிள்ளானில் பெரியப்பா வீட்டு வாசலில் நான் புகை போட்ட கோழி வேகவில்லை. மூன்று மணி நேரம் உள்ளே இருந்தது. தோல் நல்ல பழுப்பாக மின்னியது. மூடியில் இருந்த முள் 120 டிகிரியை விட்டு அசையவே இல்லை. தொடையைப் பிரித்தால் எலும்போரம் சிவப்பு. பெரியம்மா ஒன்றும் பேசாமல் தட்டை வாங்கிக்கொண்டு போய், வெட்டிச் சட்டியில் போட்டுப் பிரட்டலாக்கிவிட்டார்.

தாத்தா காலையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வயது எண்பத்து நான்கு. "அந்த முள்ளு மூடிச் சூட்டச் சொல்லுதுய்யா. கோழிச் சூட்டச் சொல்லல" என்றார்.

நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். வேலையும் அதில்தான். தாத்தா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்பு வரை. அவர் சொன்னது சரி என்று புரிய எனக்கு ஒரு நொடி போதும். அவருக்கு எப்படித் தெரியும் என்பதுதான் புரியவில்லை. கேட்டேன். "ஸ்மோக்கவுஸ்ல பதினோரு வருசம் நெருப்புப் பாத்தவன்டா நானு" என்றார். தாத்தா பால் மரம் வெட்டினார் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் புகைப்பெட்டியைத் தொட்ட முதல் ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெட்டியை வாங்க இரண்டு மாதம் யோசித்தேன். பிரிக்பீல்ட்ஸில் நான் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடியில் புகை விட முடியாது. அதனால் பெரியப்பாவின் வரிசை வீட்டு வாசலுக்கு எது பொருந்தும் என்று பார்த்தேன். நெருப்புப் பெட்டி பக்கவாட்டில் தனியாக இருக்கும் வகைக்கு விறகு வேண்டும், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கவும் வேண்டும். பீங்கான் வகை சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும், ஆனால் விலை என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். மரத்தூள் உருண்டைகளைத் தானே ஊட்டிக்கொள்ளும் மின்சார வகையும் உண்டு. 200 லிட்டர் எண்ணெய்ப் பீப்பாயை அறுத்துப் பட்டறையில் செய்து தருபவர்களும் இருக்கிறார்கள். கடைசியில் நிற்கும் உருளை வகையை வாங்கினேன். கீழே கரி, நடுவில் தண்ணீர்த் தட்டு, மேலே இறைச்சி. தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் அந்தத் தட்டு சூட்டை அடக்கி வைக்கும். இதையெல்லாம் கணக்குப் போட்ட நான், மூடியில் பதித்திருந்த அந்தச் சின்ன வட்டத்தைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. அது பெட்டியோடு வந்தது. நம்பிவிட்டேன்.

தாத்தா நெருப்புப் பார்த்த வீட்டுக்கு எண்ணெய்ப் பீப்பாயைவிட நீண்ட கதை உண்டு. அதற்கு அமேசானுக்குப் போக வேண்டும். அங்கே காட்டு ரப்பர் மரத்தில் பால் இறக்கியவர்கள், பனைவகைக் கொட்டைகளை எரித்து, அந்தப் புகையில் ஒரு கட்டையைச் சுழற்றியபடி பாலை மேலே மேலே ஊற்றினார்கள். ஒவ்வொரு படலமும் புகை பட்டு உறைந்து, கடைசியில் பெரிய கறுத்த உருண்டையாகும். புகையில் இருக்கும் அமிலங்கள் பாலை உறைய வைத்தன. அதிலுள்ள பீனால் வகைப் பொருட்கள் பூஞ்சையைத் தடுத்தன. இறைச்சியைக் கெடாமல் வைப்பதும் பெரும்பாலும் இதே பொருட்கள்தான். உலகச் சந்தையில் ரப்பரின் தரம் என்றால் அந்தப் பாரா ரப்பரின் தரம் என்றிருந்தது.

1876ல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888லிருந்து சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவை நடத்திய ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டார். 1896ல் டான் சாய் யான் மலாக்காவில் வணிகமாக நட்டார். சிலாங்கூரில் காப்பி விழுந்து ரப்பர் எழுந்தது. 1901ல் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம், இன்றைய போர்ட் கிள்ளான், அதை ஏற்றி அனுப்பியது. கார் பெருகப் பெருக டயர் தேவைப்பட்டது. 1910ல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனபோது, கங்காணிகள் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து கூட்டி வந்தவர்கள் கிள்ளானைச் சுற்றியிருந்த லயங்களை நிரப்பினார்கள். அவர்களில் என் தாத்தாவின் அப்பாவும் ஒருவர்.

இங்கே பாலை உறைய வைக்கப் புகை தேவைப்படவில்லை. அசெட்டிக் அல்லது பார்மிக் அமிலம் போதும். ஆனால் உறைந்ததைத் தகடாக உருட்டிய பிறகு காய வைக்க வேண்டும். நம் ஊர் ஈரத்தில் வெறுமனே தொங்கவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே புகை திரும்பி வந்தது, இம்முறை ஒரு வீட்டுக்குள். அமேசானில் ஒருவர் குடிசையில் செய்ததை இங்கே தோட்டம் கட்டடமாகக் கட்டியது.

அந்த வீட்டின் வேலையைத் தாத்தா சொல்லச் சொல்ல நான் வரைந்து பார்த்தேன். காலையில் வெட்டிய பால் ஸ்டோருக்கு வரும். வடிகட்டி, தண்ணீர் கலந்து, அமிலம் விட்டு, மறுநாள் உருளை இயந்திரத்தில் விடுவார்கள். கடைசி உருளையில் வரிகள் பதியும். வரி இருந்தால் காற்றுப் படும் பரப்பு கூடும், தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டாது. பாட்டி உள்ளிட்ட பெண்கள் அவற்றைக் கம்பில் தொங்கவிட்டு நீர் வடிய வைப்பார்கள். பிறகு புகை வீடு. நான்கு நாளைக்குக் கிட்ட. முதல் நாள் 40 முதல் 45 டிகிரி, காற்றுத் துளைகள் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். பிறகு மெதுவாக ஏற்றிக் கடைசி நாள் 60க்குள் நிறுத்த வேண்டும். தாத்தாவுக்கு இதெல்லாம் ஃபாரன்ஹீட்டில் ஞாபகம்: நூத்தி அஞ்சு, நூத்தி நாப்பது.

சூடு குறைந்தால் பூஞ்சை. ஈரம் தேங்கினால் தகட்டின் மேல் 'துரு' என்று சொல்லும் படலம். சூடு மிஞ்சினால் கொப்புளம். ஈர விறகு போட்டால் தார் படிந்து தகடு கறுக்கும். இந்தக் கடைசி வரியைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடர்ந்த வெள்ளைப் புகை இறைச்சியைக் கசக்க வைக்கும், மெல்லிய நீலப் புகைதான் வேண்டும் என்பது புகைப்பெட்டி வாங்கும் எவரும் கற்றுக்கொள்ளும் முதல் பாடம். தாத்தாவுக்கு அது கூலி வேலையின் முதல் வாரப் பாடம்.

காய்ந்த தகடுகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். குறை தெரிந்த துண்டைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பார்கள். ஆர்.எஸ்.எஸ். 1 முதல் 5 வரை, மேலே 1எக்ஸ். இது முழுக்க முழுக்கக் கண் வேலை. உலகம் முழுவதும் விலை போன சரக்கின் தரம் ஒருவர் கண்ணில் முடிவானது. ஆனால் அந்தக் கண்ணுக்கு முன்னால் இருந்த நான்கு நாள், ஒரு கையில் இருந்தது.

இங்கே கொஞ்சம் இயற்பியல் வேண்டும். ஈரமுள்ள எந்தப் பொருளும் சூட்டில் இருக்கும்போது, ஆவியாகும் நீர் அதைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். நம் வியர்வை மாதிரி. பெரிய மாட்டிறைச்சித் துண்டைப் புகையில் வைத்தால் 65, 70 டிகிரிக்கு வந்து மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். பெட்டிக்குள் காற்று 110 இருக்கும், இறைச்சி ஏறாது. ரப்பர் தகடும் அப்படித்தான். முதல் நாள் தகடு காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். ஈரம் போகப் போகக் காற்றின் சூட்டை எட்டும். ஆகவே காற்றின் சூடு ஒன்று, பொருளின் சூடு வேறு. சுவரில் தொங்கும் தெர்மாமீட்டர் தான் தொங்கும் இடத்துக் காற்றை மட்டுமே அறியும். தாத்தா உள்ளே போய் மேல் வரிசைத் தகட்டைப் புறங்கையால் தொட்டு, ஓரத்தை இழுத்துப் பார்த்து, மோந்து பார்த்துவிட்டு வந்து விறகைத் தள்ளுவாராம். பொருளின் சூட்டை அளந்தது அந்தப் புறங்கை.

அவர் சொன்ன ஒரு சம்பவம். எந்தத் தோட்டம் என்று நான் எழுதப்போவதில்லை. ஒரு மழை வாரத்தில் கிராணி வந்து தெர்மாமீட்டரைப் பார்த்தார். சூடு குறைவு. விறகு போடச் சொன்னார். "உள்ள போதுங்கய்யா, கதவு பக்கம் காத்து அடிக்குது, அதான் கொறச்சலா காட்டுது" என்று தாத்தா சொல்லிப் பார்த்தார். போடச் சொன்னால் போட வேண்டியதுதான். காலையில் மேல் வரிசை முழுக்கக் கொப்புளம். தரம் இறங்கியது. விசாரணையில் புத்தகத்தைத் திறந்தார்கள். அதில் அன்றைய சூடு, இருக்க வேண்டிய அளவில் சரியாக இருந்தது. அப்படியானால் தப்பு நெருப்புப் பார்த்தவன் மேல். அரை நாள் சம்பளம் போனது.

அரை நாள் சம்பளம் என்ன பெரிய தொகை? அறுபது வருஷம் கழித்தும் அவருக்கு அது நினைவிருக்கிறது. காசுக்காக இல்லை என்று நினைக்கிறேன். அவர் கை சொன்னது உண்மை. முள் சொன்னது புத்தகத்தில் ஏறியது.

என் கோழிக்கு நடந்ததும் அதேதான், தலைகீழாக. அவருடைய தெர்மாமீட்டர் குளிர்ந்த மூலையில் தொங்கிக் குறைத்துச் சொன்னது. என்னுடையது மூடிக்கடியில் தேங்கும் சூட்டில் இருந்து கூட்டிச் சொன்னது. மறுவாரம் அதைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் விட்டேன். கிள்ளான் கடல் மட்டத்தில் இருப்பதால் 100 காட்ட வேண்டும். 112 காட்டியது. இரண்டு உலோகப் பட்டைகளை ஒட்டிச் சுருட்டிய வில்தான் அதன் உள்ளே இருப்பது. சூட்டில் ஒன்று மற்றதைவிட அதிகம் நீள, முள் திரும்பும். மலிவானது, சீக்கிரம் பிசகும். ஆக இரண்டு பிழை: கருவியில் ஒன்று, அது நின்ற இடத்தில் ஒன்று. கருவிப் பிழையைத் திருத்திவிடலாம். இடப் பிழையைக் கண்டுபிடிக்க, உள்ளே கை விட்ட ஆள் ஒருவர் சொன்னால்தான் உண்டு.

1925ல் உருவான மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் புகை வீடுகளின் வடிவம், காற்றோட்டம், விறகுச் செலவு என்று எல்லாவற்றையும் ஆராய்ந்தது. தள்ளுவண்டியில் தகடுகள் நகரும் சுரங்க வடிவப் புகை வீடுகள் வந்தன. ரப்பர் பதப்படுத்தும் நூல்களில் ஒவ்வொரு நாளுக்கும் உரிய டிகிரி இருக்கிறது. அவை நல்ல வேலை, ஒரு பொறியாளனாக அதை மதிக்கிறேன். நான் புரட்டியவற்றில் நெருப்புப் பார்த்தவரின் கை மட்டும் இல்லை. நம் கதைகளிலும் தோட்டம் என்றால் உளி, வாளி, விடியல் பனி, பெரட்டுக்களம். புகை வீட்டு வாசலில் இரவு முழுக்க விழித்திருந்தவர் அங்கேயும் அதிகம் வருவதில்லை. கிராணியின் புத்தகம் விட்டதை நாமும் விட்டுவிட்டோம்.

1965ல் எஸ்.எம்.ஆர். தரமுறை வந்தது. ரப்பரைத் துகளாக்கி, 100 டிகிரிக்கு மேற்பட்ட சூடான காற்றில் சில மணி நேரத்தில் காய வைத்து, கட்டியாக அழுத்தி, அழுக்கின் அளவைச் சோதனைக்கூடத்தில் அளந்து விற்கும் முறை. புகைக்கு வேலை குறைந்தது. பிறகு மரங்களையே சாய்த்து எண்ணெய்ப் பனை நட்டார்கள், அதற்குப் பிறகு பனையையும் சாய்த்து வீடு கட்டினார்கள். தாத்தா நெருப்புப் பார்த்த இடத்தில் இப்போது குடியிருப்பு. அவர் லாரிப் பட்டறைக்குப் போனார். பதினோரு வருஷக் கை எந்த வேலைக்கும் சான்றிதழ் ஆகவில்லை.

பொங்கலுக்கு மறுபடி கோழி வைத்தேன். இம்முறை மூடி முள்ளை நம்பவில்லை. இரண்டு கம்பி உள்ள மின்னணு அளவி வாங்கியிருந்தேன். ஒன்று கோழிக்குப் பக்கத்தில் கம்பி வலையில், இன்னொன்று தொடையின் தடித்த சதைக்குள், எலும்பில் படாமல். முன்னதாக இரண்டையும் ஐஸ் தண்ணீரிலும் கொதிநீரிலும் விட்டுச் சரிபார்த்தேன். புகைப்பெட்டி வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: பெட்டியில் கொஞ்சம் மிச்சம் பிடித்து அந்தக் காசை அளவியில் போடுங்கள்.

தாத்தா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தக் காலத்துல இது இருந்திருந்தா உங்க சம்பளம் போயிருக்காதுல்ல தாத்தா?" என்றேன்.

"இருந்தா மட்டும்? பொஸ்தகத்த எழுதுறது நானா?" என்றார்.

பிறகு மூடியின் காற்றுத் துளைக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்துவிட்டு, "எடுத்துரு, ஆயிருச்சு" என்றார். அளவி 68 காட்டியது. கோழிக்கு 74 வேண்டும். எடுக்கவில்லை. தாத்தாவின் கை ரப்பரை அறிந்த கை, கோழி அதன் பாடம் இல்லை என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். காத்திருந்த அந்த இருபது நிமிஷத்தில்தான் கிராணி கதையை முழுதாகச் சொன்னார். நான் கைப்பேசியில் எழுதிக்கொண்டேன்.