சீனியும் கடற்பாசியும் தந்த ஓர்கிட்

வெள்ளவத்தை மாடிக் குடியிருப்புகளிலும் கொட்டாஞ்சேனை முற்றங்களிலும் இன்று தொங்கும் கலப்பின ஓர்கிட் ஒருகாலத்தில் செல்வர்க்கே உரியது. காரணம் அதன் விதை. தூசு போன்ற அவ்விதையில் முளைக்குரிய உணவில்லை. காட்டில் ஒரு பூஞ்சணமே ஊட்டுகிறது. இதனை 1899இல் பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார் கண்டறிந்தார். 1922இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன், பூஞ்சணமின்றியே, சீனியும் தாது உப்புகளும் கலந்த கடற்பாசிக் கூழில் விதையை முளைக்கச் செய்தார்.

1934இல் இலங்கை ஓர்கிட் வட்டம் தோன்றியது. பிரஷர் குக்கரில் கிருமி நீக்கிய போத்தலே இன்று வீட்டு ஆய்வுகூடம். பூக்காணச் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும்.

இலங்கைக் காடுகளுக்கேயுரிய வெசாக் ஓர்கிட்டோ காடழிப்பாலும் களவாகப் பிடுங்கப்படுவதாலும் அருகிவருகிறது. ஆகவே, போத்தலில் விதைப்பதை வெறும் பொழுதுபோக்கென்று நான் கருதவில்லை. காட்டுச் செடியில் கைவைக்காமல் பூவை அடைய அதுவே வழி.