இல்லையென்று எண்ணிய புரதம்

உடற்பருமனுக்கும் நோயெதிர்ப்புக்கும் தொடர்பில்லை என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. கொழுப்பு, மிகுந்த உணவைச் சேமிக்கும் பண்டகசாலை. நோயெதிர்ப்பு, கிருமிகளை எதிர்க்கும் படை. இவ்விரண்டுக்குமிடையே தூது நடக்கின்றது என்பதை உணர்த்திய ஒரு புரதத்தின் வரலாற்றை இன்று நோக்குவோம்.

1930ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலுள்ள றொக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் வில்லியம் டில்லெற், தொமஸ் பிரான்சிஸ் என்னும் மருத்துவர் இருவர் நியுமோனியா நோயாளரின் குருதியை ஆராய்ந்தனர். அந்நோயை விளைக்கும் கிருமியிலிருந்து பிரித்தெடுத்து, 'சீ' எனப் பெயரிட்ட ஒரு பொருளைக் குருதிநீரோடு கலந்தபோது வீழ்படிவு தோன்றிற்று. நோய் தணிந்தபின் கலந்தபோது அது தோன்றவில்லை. 1941இல் ஒஸ்வால்ட் ஏவரியும் அவர்தம் துணைவரும் இதற்குக் காரணமானது ஒரு புரதமே எனக் காட்டினர். இன்று வைத்தியசாலைகளில் சீ.ஆர்.பீ. எனக் குறிக்கப்படுவது அதுவே. கிருமிகளின் மேற்பரப்பிலே பற்றிக்கொண்டு, அவற்றை அழிக்கும் ஏனைய புரதங்களைத் தூண்டுவது அதன் தொழில்.

அவ்வறிஞர்கள் தம் கட்டுரைத் தலைப்பிலேயே, இயல்பான குருதியில் இல்லாத புரதம் என்று அதனைக் குறித்தனர். அக்காலச் சோதனை பெருமளவை மட்டுமே காட்டவல்லது. கடுந்தொற்றின்போது இப்புரதம் ஆயிரம் மடங்கு வரையும் பெருகலாம். நலமுள்ளோரிடத்தில் இருக்கும் சிற்றளவு அச்சோதனைக்குப் புலப்படவில்லை. நுட்பமான சோதனைகள் பிற்காலத்தில் வந்தபோதுதான், அது எல்லோர் குருதியிலும் உண்டென்பதும், ஆளுக்காள் வேறுபடுகின்றதென்பதும் தெளிவாயின.

அவ்வேறுபாடு எதனைப் பொறுத்தது? அமெரிக்காவில் 16,000க்கு மேற்பட்டோரிடம் பெற்ற அளவீடுகளை ஆராய்ந்து 1999இல் வெளிவந்த முடிவு வியப்பளித்தது. உடல் பருத்தோரிடத்தில் இப்புரதம் மிகுந்திருத்தல் கூடுதலாகக் காணப்பட்டது; பெண்களிடத்தில் இத்தொடர்பு மேலும் வலிதாயிருந்தது. நோயற்ற இளைஞரை மட்டும் தனித்து நோக்கியபோதும் அது மறையவில்லை.

இதற்கான வழியும் துலங்கியது. கொழுப்பிழையம் வெறும் சேமிப்பிடமன்று. அழற்சியைத் தூண்டும் ஒரு பொருள் பருத்த எலிகளின் கொழுப்பில் உண்டாவதை 1993இல் ஹொத்தாமிஸ்லிகில், ஸ்பீகல்மன் முதலியோர் கண்டனர். மனிதரின் கொழுப்பிழையம் இன்டர்லியூக்கின்-6 என்னும் தூதுப் பொருளைக் குருதியிலே விடுகின்றது என்பது 1997இல் அளந்தறியப்பட்டது. இத்தூது ஈரலை அடையவே, ஈரல் சீ.ஆர்.பீ.யை ஆக்குகின்றது.

எனினும் ஓர் ஐயம் எஞ்சியது. பருமன் புரதத்தை மிகுவிக்கின்றதா, அன்றிப் புரதம் பருமனை விளைவிக்கின்றதா? பிறப்பிலேயே அமையும் பரம்பரையலகுகளைக் கொண்டு இவ்வையத்தை ஆராய்ந்த முடிவு 2011இல் வெளிவந்தது. கொப்பன்ஹேகன் மக்களிடம் பெற்ற தரவுகளே அதற்கு ஆதாரம். பருமனுக்கு ஏதுவான பரம்பரையலகு உடையோரிடத்தில் புரதமும் மிகுந்திருந்தது. ஆனால், புரதத்தை மிகுவிக்கும் பரம்பரையலகு உடையோர் அதனாற் பருத்தாரல்லர். ஆகவே பருமன் முந்தியது, புரதம் பிந்தியது.

இச்செய்தி நமக்கும் உரியது. பிரித்தானியாவில் வாழும் இந்திய உபகண்டத்து ஆடவரிடத்தில் ஐரோப்பியரைவிட இப்புரதம் மிகுந்திருந்ததை 2001இல் ஓர் ஆய்வு காட்டியது. வயிற்றைச் சூழ்ந்த கொழுப்பையும் இன்சுலின் செயற்குறைவையும் கணக்கிற் கொண்டபோது அவ்வேறுபாடு நீங்கிற்று.

பருத்த ஒருவரின் குருதியில் இப்புரதம் சற்றே மிகுந்திருப்பின், அது மறைந்த தொற்று ஒன்றின் அறிகுறியாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. தொற்று இல்லையென்று அசட்டை செய்யவும் இயலாது. அதனைப் பகுத்தறிதல் வைத்தியர் கடன். நிறை குறையுமிடத்து இப்புரதமும் குறைகின்றது என்பது பல ஆய்வுகளின் முடிபு. ஆதலின் இப்புரதத்தைக் குற்றவாளியாகக் கொள்ளாது, உடலின் நிலையை உரைக்கும் சாட்சியாகக் கொள்வதே தகும்.