ரேந்தை பின்னிய பள்ளிகள்

டச்சு வணிகர் கோட்டை கட்டிய சதுரங்கப்பட்டினத்திலிருந்து 17, 18ஆம் நூற்றாண்டுகளில் நேர்த்தியான பருத்தித் துணி கப்பலேறிக்கொண்டிருந்தபோதும், மாமல்லபுரத்தை அடுத்த அந்தக் கரையிலும் செங்கல்பட்டுச் சீமையின் உள்ளூர்களிலும் தையல் ஊசி பெண்பிள்ளைகளுக்குரிய பாடமாக இருக்கவில்லை. புடவையும் வேட்டியும் தறியிலிருந்து இறங்கியபடியே உடுக்கப்பட்டன. தைப்பதோ, சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் துன்னகாரரைக் குறிப்பிடும் காலம் தொட்டே தனித் தொழிலாளரின் வேலையாக இருந்தது. பெண்களுக்கு ஊசியைப் பாடமாக வைக்கும் வழக்கம் பெரும்பாலும் கடல்வழி வந்த மிஷன் பள்ளிகளோடு இங்கே வந்தது.

அந்த வழக்கத்தின் அமெரிக்க வடிவம் மாதிரித் துணி எனலாம். சிறுமி ஒருத்தி தையல் வகைகளைப் பழகும்பொருட்டு ஒரே துணியில் எழுத்துகளையும் எண்களையும் பூக்கொடிகளையும் ஒரு நல்லுரையையும் இழைத்து, பெரும்பாலும் தன் பெயரையும் வயதையும் சேர்த்து முடிக்கும் பயிற்சித் துணி அது. பிளிமத் குடியேற்றத்தில் லோரா ஸ்டாண்டிஷ் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் தைத்த துணி இன்றும் அங்கே காக்கப்படுகிறது. இத்தகைய துணிகளுக்குப் பெயர்பெற்ற கனெக்டிகட் மாநிலத்து நார்விச் நகரில் பிறந்த மிஷனரி ஹாரியட் வின்ஸ்லோதான், 1824இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்கள் விடுதிப் பள்ளியைத் தொடங்கி, தமிழ் எழுத்தையும் தையலையும் ஒரே கூரையின்கீழ் கற்பிக்க வழிசெய்தார். அதற்கும் முன்பே, 1707இல் தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு பெண்களுக்கெனப் பள்ளி கண்டிருந்தார். 1787இல் சென்னையில் பெண் அநாதை இல்லம் தோன்றியது.

இந்த வரலாற்றின் மிகச் செறிவான பகுதி நாகர்கோவிலில் இருக்கிறது. 1819இல் தொடங்கப்பட்டு இன்று டதி பள்ளி என்று வழங்கும் பெண்கள் விடுதிப் பள்ளியை, மிஷனரிகளின் மனைவியரான ஜோஹானா மீடும் மார்த்தா மால்ட்டும் வளர்த்தனர். 1820களின் தொடக்கத்தில் மார்த்தா மால்ட் அங்கே ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். ரேந்தை என்பது துணிமேல் தைக்கப்படும் பூவேலையிலிருந்து வேறானது. கெட்டியான மெத்தைமேல் வடிவத்தை ஊசிகளால் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றிப்போட்டு, நூலிலிருந்தே வலைபோன்ற கரையை உருவாக்கும் வேலை அது. ஒரு கட்டை இடம் தவறினால் வடிவமே குலையுமாதலால், பொறுமையோடு கூர்ந்த கணக்கும் அதற்கு வேண்டும். அந்தக் கணக்கைக் கைவேலை என்று சொல்லிக் கல்வியின் ஓரத்தில் ஒதுக்கிய வரலாற்றாசிரியர்கள் பெரும்பிழை செய்தனர்.

அமெரிக்க மாதிரித் துணி வசதியான வீட்டின் கூடத்துச் சுவரில் மகளின் பெயரோடு தொங்கியது. நாகர்கோவில் ரேந்தையோ பின்னியவளின் பெயரில்லாமல் ஐரோப்பியர் ஆடைகளின் ஓரத்தைச் சேர்ந்தது. ஆயினும் இவளுக்குக் கூலி கிடைத்தது. நாகர்கோவில் அன்று அடங்கியிருந்த திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் ஒழிக்கப்பட்டது என்ற நிலையில், அடிமைப் பெண்கள் சிலர் அந்தக் கூலியைக் கொண்டே தங்கள் விடுதலையை வாங்கினர். ஊசி கற்ற அதே தலைமுறைகளில்தான், குப்பாயம் எனப்பட்ட மேற்சட்டை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் அடியும் அவமானமும் பட்டு, 1859இல் அரசாணை பெற்றனர்.

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா, 1844இல் மிஷனரி ராபர்ட் கால்டுவெல்லை மணந்து திருநெல்வேலித் தேரிநிலத்து இடையன்குடிக்குச் சென்றபோது, அங்கும் பெண்கள் பள்ளியையும் ரேந்தைப் பின்னலையும் ஒருசேர வளர்த்தார்.