விளையாட்டில் கப்பல் வந்துவிடும்

அரையாண்டு விடுமுறைக்கு வந்த பேரன் என் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' என்று பெயர். அதில் மூன்றாம் பாகம். 2005-இல் வந்ததாம், அவனைவிட மூத்தது. பென்ஷன்காரருக்கு இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் முணுமுணுப்பு. ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கண்டத்தில் போட்டி போட்டுக்கொண்டு குடியேறிய கதை என்று அவன் சொன்னதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். கெபெக், லூயிஸ்பூர், மோன்கால்ம் என்ற பெயர்களெல்லாம் பத்து வயதில் மனப்பாடம் செய்தவை.

விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது சதுரங்கம் மாதிரி மாற்றி மாற்றி ஆடுவது அல்ல. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆடுகிறோம். நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போது எதிராளி மரம் வெட்டிக்கொண்டிருப்பான். உணவு, மரம், பொன் மூன்றையும் சேர்க்கவேண்டும். அதைச் சேர்க்கக் குடியேறிகள் வேண்டும். பிறகு வீடு, படைவீடு, கோட்டை. இது போக, தாய்நாட்டுத் தலைநகரிலிருந்து கப்பலில் உதவி வரும். நமக்குப் புள்ளிகள் சேரச் சேர ஒரு சீட்டைத் தட்டினால் ஆளோ பீரங்கியோ மூட்டை முடிச்சோ வந்து இறங்கும். இந்தக் கப்பலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்குத்தான் வரப்போகிறேன்.

முதல் ஆட்டத்தில் நான் பிரெஞ்சு, பேரன் ஆங்கிலேயர். பள்ளிக்கூடத்தில் படித்தபடியே ஆடினேன். வீரம், குதிரைப்படை, தளபதி. பிரெஞ்சுக்காரர்களுக்கு 'கியுராசியே' என்ற கவசக் குதிரைவீரர்கள் உண்டு, ஒரே வீச்சில் பலபேரை வெட்டுவார்கள். அவர்களைச் சேர்க்கவேண்டும் என்று அவசரப்பட்டேன். அவன் திரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"தாத்தா, உங்ககிட்ட எத்தனை பேர் வேலை செய்றாங்க?"

எண்ணிப் பார்த்தேன். பதினாறு பேர்.

"என்கிட்ட நாப்பது."

கொஞ்ச நேரத்தில் என் நகரம் எரிந்துகொண்டிருந்தது.

ஆங்கிலேயரை ஆடும் சூட்சுமம் வீட்டில் இருக்கிறது. மற்றவர்கள் கட்டுவது வெறும் வீடு. ஆங்கிலேயர் கட்டுவது பண்ணை மாளிகை. விலை அதிகம், ஆனால் ஒவ்வொன்றும் கட்டி முடிந்ததும் ஒரு குடியேறி இலவசமாக வருவான். அதனால் ஆரம்பத்தில் கையில் இருக்கும் மரத்தையெல்லாம் மாளிகையில் போட்டுவிட வேண்டும். சண்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இது வெறும் கற்பனை இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஆங்கிலக் குடியேற்றங்களின் ஜனத்தொகை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் பிரெஞ்சுக் கனடாவில் இருந்தவர்கள் அறுபதாயிரம் பேர் அளவில்தான். நாட்டில் ஒத்துவராத மதக்காரர்களை இங்கிலாந்து கப்பலேற விட்டது. பிரான்சோ 1627-இல் ரிஷ்லியூ அமைத்த கம்பெனியின் சாசனத்திலேயே கத்தோலிக்கர் மட்டும்தான் குடியேறலாம் என்று எழுதிவிட்டது. போகத் துடித்த ஹூகனாட் புராட்டஸ்டண்டுகள் வேறு நாடுகளுக்குப் போய் அங்கே நெசவும் கடிகாரமும் செய்தார்கள். பதினான்காம் லூயி 1663-லிருந்து பத்து வருஷம் கல்யாணத்துக்குப் பெண்களை அரசாங்கச் செலவில் கனடாவுக்கு அனுப்பிப் பார்த்தார். எண்ணூறு பேருக்குக் கிட்டத்தட்ட. கப்பல் சீட்டைத் தட்டுவதை அந்த ராஜா அப்போதே செய்திருக்கிறார். போதவில்லை.

ஆள் குறைந்தவன் என்ன செய்வான்? ஊர்க்காரனோடு உறவு வைத்துக்கொள்வான். விளையாட்டைச் செய்தவர்கள் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்குச் சாதாரணக் குடியேறி கிடையாது. 'கூரேர் தெ புவா'தான். காட்டில் அலைந்து பூர்வகுடிகளோடு தோல் வியாபாரம் செய்தவர்கள். (பேரன் இதை 'கூரியர் டி பாய்ஸ்' என்று வாசித்தான். அந்த ஆட்டம் முழுவதிலும் நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தது அந்த உச்சரிப்பு ஒன்றுதான்.) விலை கூடுதல், எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் குறைவு. ஆனால் ஒவ்வொருவரும் அதிகம் சேர்ப்பார்கள், அடித்தாலும் சீக்கிரம் விழமாட்டார்கள். கூடவே ஆரம்பத்திலேயே ஒரு பூர்வகுடி வழிகாட்டி கிடைப்பான். எனவே பிரெஞ்சை ஆடுகிறவன் முதலில் பூர்வகுடிக் கிராமத்தில் வியாபாரச் சாவடி போட வேண்டும், அவர்களுடைய வீரர்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும், காட்டை விட்டு வெளியே வராமல் சண்டை போடவேண்டும். கியுராசியே எல்லாம் பிற்பாடு.

நிஜத்திலும் அப்படித்தான் தாக்குப்பிடித்தார்கள். 1608-இல் கெபெக்கை நிறுவிய ஷாம்ப்ளேன், மறு வருஷமே ஹூரன், அல்கோன்கின் மக்களோடு சேர்ந்துகொண்டு இரோக்வா மக்களைச் சுட்டார். உறவும் பகையும் அன்றைக்கே முடிவாகிவிட்டன. இந்த உறவு முழுசாகப் பலன் கொடுத்தது 1755 ஜூலையில். ஜெனரல் பிராடக்கின் ஆங்கிலப்படை மொனொங்ககேலா ஆற்றருகே சிவப்புச் சட்டையோடு வரிசையாக வந்தது. அதைவிடச் சிறிய பிரெஞ்சு, பூர்வகுடிப் படை மரங்களுக்குப் பின்னாலிருந்து சுட்டே அதைச் சின்னாபின்னம் ஆக்கியது. பிராடக் காயத்தில் செத்தார். இந்த முறையில் ஆடத் தொடங்கிய பிறகுதான் பேரனிடம் நான் இரண்டு ஆட்டம் ஜெயித்தேன்.

மற்ற நாடுகளையும் ஒரு சுற்று ஆடிப் பார்த்தேன். டச்சுக்காரர்கள் குமாஸ்தா மனசுக்குப் பிடித்தவர்கள். ஐம்பது குடியேறிகளுக்கு மேல் கிடையாது, அவர்களையும் பொன் கொடுத்துத்தான் வாங்கவேண்டும். ஆனால் வங்கி கட்டலாம். வங்கி தானாகவே பொன் சுரக்கும். கட்டிவிட்டுச் சுவரை எழுப்பிக்கொண்டு வட்டியில் படை வைப்பதுதான் வழி. 1693-இல் நம் புதுச்சேரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, ரிஸ்விக் உடன்படிக்கைப்படி 1699-இல் திருப்பிக் கொடுத்தவர்களும் இவர்கள்தான். ருஷ்யருக்கு ஆட்கள் மொத்தமாகவே வருவார்கள், மலிவு, தனித்தனியாகப் பலவீனம். எண்ணிக்கையால் அமுக்க வேண்டும். துருக்கியருக்குக் குடியேறி இலவசம், ஆனால் ஆமை வேகம். மசூதியில் செலவழித்தால்தான் வேகம் கூடும். போர்த்துக்கீசியருக்குக் காலம் மாறும்போதெல்லாம் ஒரு புது நகர மையம் கிடைக்கும். ஸ்பெயினுக்குக் கப்பல் அடிக்கடி வரும். பிரெஞ்சுக்குத் தலைவராக நெப்போலியனை வைத்திருப்பதுதான் எனக்குச் சிரிப்பு. வட அமெரிக்காவில் மிச்சமிருந்த லூசியானாவை 1803-இல் விற்றுக் காசாக்கியவர் அவர்.

ஆங்கிலேயருக்கு ராக்கெட் என்று ஒரு தனி ஆயுதம் இருக்கிறது. அது எங்கிருந்து போனது என்று பேரனுக்குச் சொன்னேன். ஹைதரும் திப்புவும் விட்ட மைசூர் ராக்கெட்டுகள் 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது ஆங்கிலேயர் கையில் கிடைத்தன. அவற்றைப் பார்த்துத்தான் கான்கிரீவ் தன் ராக்கெட்டைச் செய்தார். அவன் நம்பவில்லை, செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

இப்போது கப்பலுக்கு வருகிறேன்.

எங்கள் வரலாற்று முசியே, கெபெக் விழுந்ததைச் சொல்லும்போது குரல் தழுதழுப்பார். 1759 செப்டம்பர் 13, ஆபிரகாம் சமவெளி. மோன்கால்மும் எதிரே நின்ற வுல்ஃபும் இருவருமே உயிரை விட்டார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. இதை நான் பள்ளிக்கூடத்தில் படித்ததாக ஞாபகம் இல்லை, மிகப் பிற்பாடு படித்தேன். மறு வருஷம் ஏப்ரல் 28-ஆம் தேதி லெவி என்ற தளபதி திரும்பி வந்து, கெபெக்குக்கு வெளியே சேந்த்-ஃபுவாவில் ஆங்கிலேயரை ஜெயித்தார். நகரத்தையும் முற்றுகையிட்டார். உள்ளே இருப்பவனிடமும் பலம் இல்லை, வெளியே இருப்பவனிடமும் குண்டு மருந்து இல்லை. பனிக்கட்டி உடைந்து ஆறு திறந்ததும் முதலில் வரும் கப்பல் யாருடையது என்று இரண்டு தரப்பும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தன. மே 9-ஆம் தேதி ஒரு கப்பல் தெரிந்தது. ஆங்கிலக் கொடி. லெவி முற்றுகையை விட்டுவிட்டுப் போனார். செப்டம்பரில் மோன்ரியால் சரணடைந்தது. பிரெஞ்சுக் கடற்படை முந்தைய நவம்பரிலேயே பிரான்சின் சொந்தக் கரையில், கிபெரோன் விரிகுடாவில் நொறுங்கிப் போயிருந்தது.

விளையாட்டில் சீட்டைத் தட்டினால் கப்பல் வந்துவிடும். ஒருமுறைகூட மூழ்காது, வழியில் யாரும் மறிக்கமாட்டார்கள். எல்லா நாட்டுக்கும் ஜெயிக்கச் சரிசமமாக வாய்ப்பு இருக்கவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருப்பார்கள். முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஆபீசில் இண்டென்ட் எழுதியவன் நான். இண்டென்ட் போட்ட சாமான் போட்ட தேதியில் வந்து சேரும் என்று நம்புகிற குமாஸ்தாவை நான் பார்த்ததே இல்லை.

அதே யுத்தம் நம் வாசலிலும் நடந்தது. உலகத்தின் இந்தக் கோடியும் அந்தக் கோடியும் ஒரே பேரத்தில்தான் இருந்தன. 1746-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்த சென்னப்பட்டணத்தை 1748 உடன்படிக்கைப்படி ஆங்கிலேயருக்குத் திருப்பிக் கொடுத்ததே, கனடா வாசலில் இருந்த லூயிஸ்பூர் கோட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான். பத்து வருஷம் கழித்து லாலி வந்தார். 1758 ஜூனில் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையைப் பிடித்தார், டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டார். மறு பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்து நின்றன, விட்டுவிட்டுத் திரும்பினார். அதே வருஷம் செப்டம்பரில் தஷே தன் கப்பல்களோடு மோரீசுக்குப் போனவர் திரும்பவே இல்லை. 1760 ஜனவரியில் வந்தவாசித் தோல்வி. பிறகு புதுச்சேரி முற்றுகை. 1761 ஜனவரி முதல் தேதி புயலடித்து முற்றுகையிட்ட ஆங்கிலக் கப்பல்கள் பல சேதமாயின. ஊரே கடலைப் பார்த்திருக்கும். சில நாட்களில் வேறு ஆங்கிலக் கப்பல்கள் அந்த இடத்துக்கு வந்தன. பிரெஞ்சுக் கப்பல் வரவில்லை. ஜனவரி 16-இல் பட்டினியோடு ஊர் சரணடைந்தது. வருஷக்கணக்காகத் துறைக்கு வந்த கப்பலையும் போன கப்பலையும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாட்கள் முன்னால்தான் கண்ணை மூடியிருந்தார்.

எங்கள் முசியே லாலியைத் துரோகி என்பார். நாங்களும் பரீட்சையில் அப்படியே எழுதினோம், மார்க்கும் வாங்கினோம். லாலி நல்ல மனிதர் என்று நான் வாதாடவில்லை. கோபக்காரர், யாரையும் மதிக்காதவர், ஊர் ஜனங்களைப் படுத்தியவர். ஆனால் 1766-இல் பாரீசில் அவர் தலையை வெட்டினார்கள். வொல்தேர் அவருக்காகப் பேனா பிடித்தார், 1778-இல் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தார்கள். இது எங்கள் பாடத்தில் இல்லை. வராத கப்பலுக்கு ஒருவர் தலை போயிருக்கிறது என்பது எழுபது வயதுக்கு மேல், பேரனிடம் தோற்றுத் தோற்று, எனக்கு உறைத்தது.

போன மாதம் அவனிடம் ஒரு நிபந்தனை போட்டேன். மூன்றாவது காலமான கோட்டைக் காலம் வந்துவிட்டால் நான் கப்பல் சீட்டைத் தொடமாட்டேன், நீ வழக்கம்போல ஆடு. "அது நியாயமில்லையே தாத்தா, தோத்துடுவீங்க" என்றான். ஆடினோம். காட்டுக்குள் பூர்வகுடிகளோடு நாற்பத்து மூன்று நிமிஷம் தாக்குப்பிடித்தேன். என்னுடைய கடைசிச் சாவடி எரியும்போது அவன் கையை எடுத்துவிட்டுக் கேட்டான்.

"நம்ம ஊர்ல லாலி தொலாந்தால் வீதின்னு இருக்கே, அது இந்த லாலியா?"

ஆமாம் என்றேன். அடுத்த விடுமுறையில் அந்த வீதி வழியாகக் கடற்கரைக்கு நடந்து போகலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அதற்குள் ஆங்கிலேயரை ஒருமுறை ஆடிப் பார் என்கிறான். மாளிகை கட்டுவது சுலபம்தான், கற்றுக்கொண்டேன். பட்டியலில் அந்தக் கொடியைத் தட்ட மட்டும் இன்னும் கை வரவில்லை.