வண்டி ஏறிய வாயில்லாப் பிராணி

மகாபாரதத்தின் முடிவு உங்களுக்கு நினைவிருக்கும். திரௌபதியும் நான்கு தம்பியரும் ஒருவர்பின் ஒருவராக மலைப்பாதையில் வீழ்ந்துவிட்டனர். தருமபுத்திரர் மட்டும் நடந்துகொண்டிருக்கிறார். அவரைப் பின்தொடர்ந்து ஒரு நாயும் வருகிறது. இந்திரன் தேருடன் எதிரே வந்து நிற்கிறான். "ஏறிக்கொள்" என்கிறான். "இந்த நாயும் ஏறட்டும்" என்கிறார் தருமர். "நாய்க்குச் சுவர்க்கத்தில் இடமில்லை" என்று மறுக்கிறான் இந்திரன். "என்னை நம்பி வந்ததைக் கைவிட்டு நான் ஏறமாட்டேன்" என்று நின்றுவிடுகிறார் தருமர். அந்த நாய் தருமதேவதையே என்பது பின்னர்த் தெரிய வருகிறது.

வண்டியில் நாய்க்கு இடம் உண்டா என்னும் வினா, மோட்டார் கார் நம் நாட்டுக்கு வருவதற்கு மிகவும் முற்பட்டது என்பதற்காகவே இக்கதையை முதலில் சொன்னேன். அந்த வினாவின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் வசிப்பது சென்னை கோபாலபுரத்தில். லாயிட்ஸ் சாலை என்று எங்கள் இளமையில் வழங்கிய ஔவை சண்முகம் சாலை எங்கள் வீட்டுக்கு அருகில்தான் இருக்கிறது. காலை வேளையில் அச்சாலையோரம் நின்றால், செல்லும் கார்களில் நாலைந்திலாவது நாய்களைக் காணலாம். சில, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் காற்றை அனுபவிக்கின்றன. சில, ஓட்டுபவரின் மடியிலேயே அமர்ந்திருக்கின்றன. பார்ப்பதற்கு இது இனிய காட்சியே. எனினும் இதைக் காணும்போதெல்லாம் என் நெஞ்சில் ஒரு பழைய வடு வலிக்கிறது. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

தமிழர்கள் நாயை மதித்தவர்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. அதாவது ஏறக்குறைய 1,400 ஆண்டுப் பழமை உடையது. மாடுகளைக் காக்கப் போரிட்டு மாண்ட வீரன் ஒருவனோடு, கள்வரைக் கடித்துக் காவல் புரிந்த 'கோவிவன்' என்னும் அவனது நாயும் அக்கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. மன்னர்களின் பெயர்களே மறந்துபோகும் இவ்வுலகில், ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள் நம் முன்னோர்.

ஆனால் அந்த நாட்களில் நாய் வண்டியில் ஏறவில்லை; வண்டியோடு நடந்தது. மாட்டுவண்டி செல்லும்போது, அச்சின் கீழ் விழும் நிழலில் நாய் ஓடிவருவதைக் கிராமத்துப் பெரியவர்கள் கண்டிருப்பார்கள். வண்டியைத் தானே தாங்கிச் செல்வதாக அந்த நாய் எண்ணிக்கொள்ளுமாம் என்று வேடிக்கையாகச் சொல்வதும் உண்டு. நாம் கவனிக்க வேண்டுவது ஒன்று. அந்த நாய்க்கு நிழலும் இருந்தது, காற்றும் இருந்தது, விரும்பினால் விலகி நின்றுகொள்ளும் சுதந்திரமும் இருந்தது.

இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'டாக் கார்ட்' என்ற குதிரை வண்டி புழக்கத்துக்கு வந்தது. வேட்டைக்குச் செல்லும் கனவான்கள், தம் நாய்கள் வழியிலேயே களைத்துவிடாதிருக்க, ஆசனத்தின் கீழே ஒரு பெட்டி அமைத்து அவற்றை ஏற்றிச் சென்றார்கள். அப்பெட்டியின் பக்கங்களில் காற்றுப் புகுவதற்காகப் பலகை இடுக்குகள் விட்டிருந்தார்கள். மூடிய இடத்தில் நாய்க்குக் காற்று வேண்டும் என்பதை அந்தத் தச்சர்கள் அறிந்திருந்தார்கள்.

அடுத்து மோட்டார் வந்தது. 1903ஆம் ஆண்டில் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்ஸன் என்ற அமெரிக்க மருத்துவர், சான்பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை 63 நாட்கள் காரோட்டிச் சென்றார். அமெரிக்காவைக் காரில் முதன்முதலாகக் குறுக்கே கடந்தவர் அவரே. வழியில் 'பட்' என்ற புல்டாக் நாய் ஒன்றை வாங்கித் தம்மோடு ஏற்றிக்கொண்டார். அந்தக் காருக்குக் கூரையும் இல்லை, முன்கண்ணாடியும் இல்லை. புழுதி பட்டு நாயின் கண்கள் சிவந்தன. உடனே ஜாக்ஸன் தாம் அணிந்திருந்தது போன்ற புழுதிக் கண்ணாடி ஒன்றை நாய்க்கும் அணிவித்தார். அக்கண்ணாடி இன்றும் வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் பொருட்காட்சியில் இருக்கிறது. வேடிக்கை போலத் தோன்றும் இச்செயலில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. தனக்கு எது தேவையோ, அதுவே தன்னோடு வரும் பிராணிக்கும் தேவை என்று அவர் எண்ணினார். ஓடும் காரில் தலையை வெளியே நீட்டும் நாயின் கண்ணில் தூசியும் பூச்சியும் படக்கூடும் என்பது இன்றும் மாறாத உண்மை.

1920களில் நான்கு புறமும் கண்ணாடி மூடிய கார்கள் பெருகின. மனிதருக்கு வெயிலும் மழையும் புழுதியும் இல்லாத சௌகரியம் கிடைத்தது. அதே கண்ணாடி நாய்க்குப் புதியதோர் அபாயத்தைக் கொண்டுவந்தது. அதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை.

1974ஆம் ஆண்டு, சித்திரை மாதம். நான் கல்லூரி மாணவன். எங்கள் வீட்டில் 'மணி' என்ற நாட்டு நாய் ஒன்று வளர்ந்தது. காரின் கதவு திறக்கும் ஓசை கேட்டால் போதும், முதலில் ஏறி அமர்வது அதுதான். ஒருநாள் முற்பகல், தந்தையார் இட்ட ஒரு வேலையாக, எங்கள் பழைய அம்பாஸடரில் மணியையும் ஏற்றிக்கொண்டு ராயப்பேட்டைப் பக்கம் சென்றேன். ஒரு மரத்தின் நிழலில் காரை நிறுத்தினேன். நாய் வெளியே குதித்துவிடக் கூடாதே என்று கண்ணாடிகளை ஏற்றி, விரலளவு இடைவெளி மட்டும் விட்டேன். ஐந்து நிமிஷத்தில் திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம். உள்ளே வரிசை நீண்டிருந்தது. நான் வெளியே வர அரைமணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நிழல் நகர்ந்துவிட்டிருந்தது. காரைச் சுற்றி நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். மணி பின் ஆசனத்தின் கீழே நாக்குத் தொங்க, கண்கள் நிலைகுத்தக் கிடந்தது. கதவைத் திறந்தபோது அது எழுந்திருக்கவில்லை. சாலையோரம் இளநீர் விற்றுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் ஓடிவந்து, "இன்னா தம்பி, வாயில்லா ஜீவனை இப்படிப் பூட்டிவெச்சிட்டுப் போயிட்டியே!" என்றார். அவரே நாயைத் தூக்கி நிழலில் கிடத்தினார். குடத்துத் தண்ணீரை அதன் வயிற்றிலும் பாதங்களிலும் ஊற்றினார். தம் துண்டால் விசிறினார். பிறகு மருத்துவரிடம் கொண்டு சென்றேன். மணி பிழைத்தது. "இன்னும் பத்து நிமிஷம் கழிந்திருந்தால் நீ வந்து பயனில்லை" என்றார் மருத்துவர்.

ஏன் அவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கு விஞ்ஞானம் விடை சொல்லுகிறது. நமக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. வியர்வை உலரும்போது உடல் குளிர்கிறது. நாய்க்கோ பாதங்களில் மட்டுமே சிறிது வியர்க்கும். வாயைத் திறந்து மூச்சிரைப்பதன் மூலமே அது தன் உஷ்ணத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும். சுற்றியுள்ள காற்றே கொதித்தால், அந்த மூச்சிரைப்பு பயன்படுவதில்லை. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை. அது 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இத்துன்பம் இன்னும் விரைவில் நேரும்.

கண்ணாடியின் வழியே வெயில் உள்ளே புகுகிறது. ஆசனங்கள் சூடேறி விடும் வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குகிறது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் உயர்வதைக் கண்டார்கள். அவ்வுயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணியிலேயே நிகழ்ந்துவிடுகிறது. ஜன்னலைச் சிறிதளவு திறந்து வைப்பதால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்பதும் அவர்கள் கண்ட முடிவு. நான் விட்ட விரலளவு இடைவெளி என் மனச்சாட்சிக்குத்தான் உதவிற்று, மணிக்கு உதவவில்லை.

மாணவர்களே, இந்த உஷ்ணத்தால் உயிர்நீத்த நாய்களில் உலகப் புகழ் பெற்றது ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி ரஷ்யர்கள் விண்ணில் ஏவிய இரண்டாவது ஸ்புட்னிக்கில் 'லைகா' என்ற நாய் அமர்ந்திருந்தது. மாஸ்கோ நகரத் தெருக்களில் திரிந்த நாய் அது. அதைத் திரும்பக் கொண்டுவரும் ஏற்பாடே அந்தக் கலத்தில் இல்லை. பல நாட்கள் உயிரோடு இருந்தது என்றே உலகம் நெடுங்காலம் நம்பிற்று. புறப்பட்ட சில மணி நேரத்திலேயே, கலத்தின் உள்வெப்பம் மிகுந்து அது இறந்துவிட்டது என்ற உண்மை 2002இல்தான் வெளியாயிற்று. 1960 ஆகஸ்டில் சென்ற பெல்கா, ஸ்ட்ரெல்கா என்ற இரு நாய்களோ உயிருடன் பூமிக்குத் திரும்பின. இரண்டு பிரயாணங்களுக்கும் இடையே மூன்றாண்டுகள்கூட ஆகவில்லை. நாய் திரும்பிவர வேண்டும் என்று தொடக்கத்திலேயே நினைத்துச் செய்ததுதான் முக்கியமான வேற்றுமை.

அதே காலத்தில் நம் நாட்டிலும் ஒரு பெரும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. அதன் உயிர்நாடி நம் சென்னையிலேயே இருந்தது. பிராணிகளை வதைப்பதைத் தடுக்க 1890இல் ஆங்கிலேயர் காலத்துச் சட்டம் ஒன்று ஏற்பட்டிருந்தது. அது போதுமானதாக இல்லை. அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தை 1936இல் நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், 1952இல் ராஜ்ய சபையின் நியமன உறுப்பினரானார். பரதக் கலைக்குப் புத்துயிர் அளித்த அந்த அம்மையார், பிராணிகளுக்காகத் தாமே ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். 1954இல் அது விவாதிக்கப்பட்டபோது, அரசாங்கமே இதை ஆராய்ந்து சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கூறினார். அவ்வுறுதியை ஏற்று அம்மையார் தம் மசோதாவைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவே 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம்.

அச்சட்டத்தின் 11ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். எந்தப் பிராணியையும், வண்டியிலாயினும் வேறு விதமாயினும், அநாவசியமான வலியோ துன்பமோ உண்டாகும் வகையில் கொண்டுசெல்வது குற்றம் என்று அது கூறுகிறது. சட்டத்தின்படி அமைந்த பிராணிகள் நல வாரியம் 1962இல் ருக்மிணி தேவியின் தலைமையில் தொடங்கிற்று. 2018இல் ஹரியானா மாநிலத்துக்கு மாற்றப்படும் வரையில், அதன் தலைமையகம் நம் சென்னையிலேயே இருந்தது.

எங்கள் கோபாலபுரத்துக்கு அருகேயுள்ள தியாகராய நகரில் இன்னொரு முயற்சியும் அப்போது அரும்பிற்று. கேப்டன் சுந்தரமும் அவர் மனைவியார் உஷா சுந்தரமும் விமானம் ஓட்டுபவர்கள். 1959இல் அவர்கள் தொடங்கிய தொண்டே, 1964இல் பதிவு பெற்று, இன்று 'புளூ கிராஸ்' என்று நாம் அறியும் நிறுவனமாக வளர்ந்தது. வானத்தில் பறந்தவர்களின் கண்ணுக்குத் தெருவோரத்து நாய்க்குட்டி புலப்பட்டது என்பதை நான் வியந்து எண்ணுவதுண்டு.

1978இல் மத்திய அரசாங்கம், பிராணிகளை ஏற்றிச் செல்வதற்கான விதிகளை வெளியிட்டது. அவற்றில் நாய்களுக்கும் பூனைகளுக்கும் ஒரு தனி அத்தியாயமே உண்டு. புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பே உணவும் நீரும் கொடுத்துவிட வேண்டும். வழியில் கோடையாயின் நான்கு மணிக்கு ஒரு முறை, குளிர்காலமாயின் ஆறு மணிக்கு ஒரு முறை குடிநீர் தர வேண்டும். பொது வண்டியில் ஏற்றினால் கூண்டை மேற்கூரையில் வைக்கலாகாது. உள்ளேதான் வைக்க வேண்டும். வண்டி கூடியவரை ஒரே வேகத்தில், திடீர் நிறுத்தமும் குலுக்கலும் இன்றிச் செல்ல வேண்டும். கவனிப்பதற்கு ஓர் ஆள் எப்போதும் உடனிருக்க வேண்டும். இவற்றை எழுதியவர்கள் நாயின் பக்கத்திலிருந்து பிரயாணத்தை எண்ணிப் பார்த்தவர்கள் என்பதில் ஐயமில்லை.

திடீர் நிறுத்தம் என்றேனே, அதைச் சிறிது கணக்கிட்டுப் பாருங்கள். 20 கிலோ எடையுள்ள நாய், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரில் கட்டின்றி நிற்கிறது. கார் மோதிப் பத்தில் ஒரு விநாடியில் நின்றுவிட்டால், அந்த நாய் முன்னோக்கிப் பாயும். அதைத் தடுக்க 200 கிலோ எடைக்கு மேற்பட்ட விசை வேண்டும். அது நாயையும் கொல்லலாம். முன்னே அமர்ந்திருப்பவரையும் கொல்லலாம். ஆதலால் பின் ஆசனத்தில், மார்பைச் சுற்றி அணிவிக்கும் அகன்ற வாரினால் இருக்கைப் பட்டையோடு பிணைப்பது நல்லது; அல்லது உறுதியான கூண்டில் வைத்து, அக்கூண்டை அசையாமல் கட்டுவது நல்லது. கழுத்துப் பட்டையில் கட்டினால், அதிர்ச்சி முழுவதும் கழுத்தின்மேல் விழும். முன் ஆசனமும் ஆகாது. விபத்தில் விரிந்து மனிதரைக் காக்கும் காற்றுப்பை, நாயை அறைந்து காயப்படுத்தக்கூடும். இங்கிலாந்தின் சாலை விதி நூலும் நாயை வண்டியில் தக்கபடி பிணைத்தே ஏற்றிச் செல்லச் சொல்லுகிறது.

மணியின் கதையை நான் இன்னும் முடிக்கவில்லை. அது அதன் பின்னர் ஏழாண்டுகள் எங்களோடு வாழ்ந்தது. என்னிடம் அதற்கிருந்த அன்பு சிறிதும் குறையவில்லை. நான் கல்லூரியிலிருந்து திரும்பும்போது வாயிலில் வந்து நிற்கும். ஆனால் காரின் கதவு திறக்கும் ஓசை கேட்டால் எழுந்து வீட்டின் பின்கட்டுக்குப் போய்விடும். எவ்வளவு அழைத்தும் அது மறுபடி அந்தக் காரில் ஏறவே இல்லை. என்னை மன்னித்துவிட்டது, அந்த வண்டியை மன்னிக்கவில்லை.

தருமபுத்திரர் நாய் ஏறாத தேரில் தாம் ஏற மறுத்தார். நம்மிடம் யாரும் அவ்வளவு பெரிய தியாகத்தைக் கேட்கவில்லை. நம்மை நம்பி ஏறிய பிராணியை, ஐந்து நிமிஷந்தானே என்று பூட்டிவிட்டுப் போகாதிருப்பதே நாம் செய்ய வேண்டுவது. வேலை இருக்கும் நாளில் அதை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். அழைத்துச் சென்றால், அது இறங்கும்வரை உடனிருங்கள்.