சுழல்கம்பியும் இரும்புப் பீப்பாயும்

மனிதன் நெருப்பில் ஊனைச் சுடக் கற்ற காலம் வரலாற்றின் கணக்குக்கு எட்டாதது. ஆனால், சுடும்போது அதைத் திருப்ப வேண்டும் என்ற எளிய தேவைக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாக நிற்கும் ஊனை எவரும் விரும்புவதில்லை. ஆகவே, நெருப்பின் அருகே ஒரு கை எப்போதும் தேவைப்பட்டது. அந்தக் கை யாருடையது என்று கேட்கத் தொடங்கினால், சமையலின் வரலாறு சமுதாய வரலாறாக விரிந்துவிடுகிறது.

இன்று அமெரிக்க வீடுகளின் பின்முற்றங்களில், பழைய இரும்புப் பீப்பாயைப் புகையடுப்பாக மாற்றி, அதன் குறுக்கே மின்பொறியால் சுழலும் கம்பியொன்றைப் பொருத்துவோர் உளர். தமிழக நகரங்களில் மாலை வேளைகளில் கடை வாயிற் கண்ணாடிப் பெட்டிக்குள் கோழிகளைச் சுழற்றும் கம்பிக்கு அது உறவுடையது. சிறு கைவேலையாகத் தோன்றும் அந்த இணைப்பில் இரண்டு மரபுகள் சந்திக்கின்றன. ஒன்று ஐரோப்பாவின் சுழல்கம்பி. மற்றொன்று கரிபியத் தீவுகளின் புகை.

வீரர் கையும் சிறுவர் கையும்

ஹோமரின் இலியத்தில், ஒன்பதாம் பகுதியில், தன்னை நாடி வந்த தூதர்களுக்கு அக்கிலீஸ் விருந்தளிக்கிறான். ஊனை அரிந்து கம்பியில் கோப்பவன் அவனே. தழலைப் பரப்பி அதன்மேல் கம்பிகளை வைப்பவன் அவன் நண்பன் பத்ரோக்ளஸ். விருந்தளிப்பவன் வேறு, அடுபவன் வேறு என்ற பிரிவு அங்கில்லை. நம் பொருநராற்றுப்படையிலும் கரிகாலனின் விருந்தில் காழில் கோத்துச் சுட்ட ஊன் இடம்பெறுகிறது. அங்கு மன்னனின் கொடை பேசப்படுகிறது. பொருநனின் மகிழ்ச்சி பேசப்படுகிறது. காழைத் திருப்பிய கைக்குப் பெயரில்லை.

இடைக்கால ஐரோப்பாவில் அந்தப் பெயரற்ற கை பெரும்பாலும் ஏழைச் சிறுவனுடையது. அரண்மனை அடுக்களைகளில் பெருந்தீயின் முன் மணிக்கணக்கில் அமர்ந்து கம்பியைச் சுற்றுவதே அவன் தொழில். அந்த வெப்பத்தின் கொடுமையை ஓர் அரசாணை மறைமுகமாகக் காட்டிவிடுகிறது. எட்டாம் ஹென்றியின் அரண்மனைக்கென 1526இல் வகுக்கப்பட்ட எல்தம் விதிகள், அடுக்களைப் பணியாளர்கள் ஆடையின்றியோ இழிந்த கந்தலுடனோ நடமாடலாகாது என்று தடுக்கின்றன. தடை போட வேண்டியிருந்ததென்றால், ஆடையைத் தாங்க இயலாத வெப்பம் அங்கு இருந்திருக்கிறது என்றே கொள்ளலாம்.

நாயும் நீராவியும்

சிறுவனுக்கு அடுத்து அந்தப் பணிக்கு வந்தது நாய். ஜான் கையஸ் இலத்தீனில் எழுதி 1570இல் வெளியான நாய்கள் பற்றிய நூல், 1576இல் ஆங்கிலமாயிற்று. அதிலேயே கம்பி சுற்றும் நாய் இடம்பெற்றுவிட்டது. நீண்ட உடலும் குறுங்கால்களும் கொண்ட அந்நாயைச் சுவரில் உயரப் பொருத்திய மரச்சக்கரத்துக்குள் விடுவார்கள். அது நடக்க நடக்கச் சக்கரம் சுழலும். சக்கரத்தில் பூட்டிய கயிறு கீழே கம்பியைச் சுழற்றும். எவ்வளவு நடந்தாலும் நாய் இருந்த இடத்திலேயே இருக்கும். வேல்ஸ் நாட்டின் அபர்கவெனி அருங்காட்சியகத்தில், பாடம் செய்யப்பட்ட அத்தகைய நாயொன்று இன்றும் உள்ளது.

அறிஞர்களும் இந்தப் பணியைச் சிந்தித்தனர். லியொனார்டோ டா வின்சி, புகைபோக்கியில் மேலெழும் வெப்பக்காற்றே ஒரு விசிறியைச் சுழற்றி, அதன்வழி கம்பியையும் திருப்பும் அமைப்பை வரைந்தார். தீ வலுத்தால் கம்பி விரையும். தீ தணிந்தால் கம்பியும் தணியும். உதுமானியப் பேரரசின் அறிஞர் தகி அல்தீன், 1551இல் எழுதிய அரபு நூலில், நீராவியின் விசையால் சுழலும் கம்பியை விளக்கினார். நீராவி தண்டவாளத்தில் வண்டி இழுப்பதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஊன் சுடும் கம்பியைச் சுழற்ற அது அழைக்கப்பட்டது என்பது எண்ணத்தக்கது.

எனினும், சுழல்கம்பியின் வாழ்வை மாற்றியது புதிய பொறி மட்டுமன்று, புதிய அடுப்புமாகும். திறந்த கணப்பில் எரிபொருள் வீணாவதைக் கவுன்ட் ரம்ஃபோர்டு போன்றோர் எடுத்துக்காட்டினர். 19ஆம் நூற்றாண்டில் மூடிய இரும்படுப்புகள் பரவின. ஊன் அடுப்பறைக்குள் அசையாமல் வெந்தது. கம்பி ஓய்ந்தது, அதற்கென்றே வளர்க்கப்பட்ட நாயினமும் அழிந்தது.

புகையின் மரபு

இனி மற்றொரு மரபு. கரிபியத் தீவுகளின் தைனோ மக்கள் மரக்கழிகளால் பரண் அமைத்து, மெல்லிய நெருப்பின் மேல் ஊனையும் மீனையும் வாட்டினர். அந்தப் பரணின் பெயரை ஸ்பானியர் ‘பார்பகோவா’ என்று எழுதிக்கொண்டனர். ‘பார்பிக்யூ’ என்னும் சொல் அதிலிருந்து பிறந்தது. இம்முறை அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வேரூன்றியபோது, நிலத்தில் குழி தோண்டியும் இரவெல்லாம் தழலைக் காத்தும் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்கள். மேசையில் அமர்ந்தவர் வேறு. குழியருகே நின்றவர் வேறு. சுழல்கம்பியின் வரலாற்றில் கண்ட பிரிவே புகையின் வரலாற்றிலும் நிற்கிறது.

பீப்பாயின் வருகை

இரும்புப் பீப்பாயின் பிறப்பில் ஒரு பெண்மணியின் பெயர் கலந்திருக்கிறது. 1887இல் மனநோயாளிபோல் நடித்து, நியூயார்க் மனநல விடுதியொன்றின் கொடுமைகளை வெளிக்கொணர்ந்த இதழாளர் நெல்லி பிளை, பின்னாளில் அயர்ன் கிளாட் என்னும் இரும்புக்கலத் தொழிலகத்தை நடத்தினார். அங்குப் பணியாற்றிய ஹென்றி வேர்ஹான் 1905இல் இரும்புப் பீப்பாய்க்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகறிந்த 55 கேலன், அதாவது ஏறத்தாழ 208 லிட்டர் கொள்ளும் பீப்பாயின் முன்னோடி அது. இரண்டாம் உலகப்போரில் எரிபொருள் சுமந்து இத்தகைய பீப்பாய்கள் உலகெங்கும் சென்றன. வெறுமையான பீப்பாய்களை எளிய மக்கள் எடுத்துக்கொண்டனர். டிரினிடாடில் அவை இசைக்கருவிகளாயின. ஜமைக்காவில் நெடுக்குவாட்டில் பிளந்து, சாலையோர அடுப்பாக்கினர். அமெரிக்காவில் நிமிர்த்தி வைத்துப் புகையடுப்பாக்கினர்.

அந்தப் புகையடுப்பின் அமைப்பு எளியது. அடியில் காற்றுத்துளைகள், அவற்றின்மேல் கரிக்கூடை, வாய்ப்பக்கம் ஊன் வைக்கும் கம்பித்தட்டு, மேலே மூடி. நச்சுப்பொருள் ஏற்றிய பீப்பாய் இதற்கு ஆகாது. உட்பூச்சையும் முதலில் எரித்து நீக்கிவிட வேண்டும். இதில் ஒரு குறை உண்டு. தட்டில் கிடக்கும் ஊனைத் திருப்ப மூடியைத் திறக்க நேர்கிறது. திறந்தவுடன் புகை வெளியேறுகிறது; காற்று புகுந்து கரி கொழுந்துவிடுகிறது. சுழல்கம்பி இக்குறையைத் தீர்க்கிறது. பீப்பாயின் மேற்பகுதியில் எதிரெதிரே இரு துளைகளிட்டுக் கம்பியைச் செலுத்தி, வெப்பம் தாக்காதவாறு வெளியே மின்பொறியைப் பொருத்துகிறார்கள். நிமிடத்திற்குச் சில சுற்றுகளே போதும். உருகும் கொழுப்பு உடனே சொட்டிவிடாமல் ஊனின் மேற்பரப்பிலேயே உருண்டு அதை நனைக்கிறது. சொட்டும் சிறுபகுதி தழலில் பட்டு மணமுள்ள புகையாகிறது. கோத்த ஊன் ஒருபுறம் கனத்தால் கம்பி தயங்கி நின்று, பின் சட்டென்று புரளும். அதனால் எதிர்ப்புறம் எடையொன்றைக் கட்டிச் சமன்செய்கிறார்கள்.

திருப்பிய கை

சிறுவன், நாய், வெப்பக்காற்று, நீராவி, மின்சாரம் எனக் கம்பியைத் திருப்பியோர் வரிசை இவ்வாறு நீள்கிறது. இதைப் பொறியியலின் வெற்றியாக மட்டும் காண்பது பாதிப் பார்வையே. மின்பொறியின் பின்னாலும் எங்கோ ஒரு தொழிலாளியின் கை இருக்கத்தான் செய்கிறது. எனினும், பீப்பாயில் துளையிட்டுக் கம்பியைப் பொருத்துபவர் அரசாணைக்கு அஞ்சிய அடுக்களைப் பணியாளர் அல்லர். குழியருகே நிறுத்தப்பட்ட அடிமையும் அல்லர். தாம் படைக்கப்போகும் விருந்துக்குத் தாமே தழல் காப்பவர். அக்கிலீஸின் குடிலில் இருந்து பின்னர்ப் பிரிந்துபோன இரண்டு பணிகள், எண்ணெய்ப் பீப்பாயொன்றின் அருகே மீண்டும் ஒருவரிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. விருந்தைப் பாடுவது கவிஞர்களின் தொன்மையான மரபு. அந்தப் பாட்டில் கம்பியைத் திருப்பிய கைக்கும் ஓரடி ஒதுக்கப்படுமாயின், வரலாறு விட்டுச் சென்ற கடனில் ஒரு பகுதி தீரும்.