ஜெயிச்சவங்களே இல்லாத கோப்பை: 1919-ல் காய்ச்சல் நிறுத்திய ஹாக்கி தொடர்

1/
ஐஸ் ஹாக்கியில் பெரிய பரிசு ஸ்டான்லி கோப்பை. ஜெயிக்கிற அணியோட பேரை அந்தக் கோப்பையிலேயே பொறிப்பாங்க. ஆனா 1919-க்கு ரெண்டு அணிகளோட பேர் இருக்கு. கூடவே, "தொடர் முடிவடையவில்லை" என்ற குறிப்பும். காரணம் ஒரு வைரஸ். வாங்க, பார்க்கலாம் 👇

2/
முதல் உலகப்போர் முடிஞ்ச கையோடு வந்த சீசன் அது. என்.ஹெச்.எல். லீக்ல மொத்தமே மூணு அணி. பிப்ரவரியில் டொரண்டோ பாதியிலேயே விலகிடுச்சு. மிச்சமிருந்த ஒட்டாவாவை ஜெயிச்சு, மான்ட்ரியால் கனடியன்ஸ் இறுதித் தொடருக்காக அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு, சியாட்டிலுக்குப் போனது.

3/
எதிரணி சியாட்டில் மெட்ரோபாலிடன்ஸ். 1917-ல் இதே மான்ட்ரியாலைத் தோற்கடிச்சு, கோப்பையை வென்ற முதல் அமெரிக்க அணி ஆனவங்க. ஆனா இந்த முறை அவங்க நட்சத்திர வீரர் பெர்னி மோரிஸ் இல்லை. ராணுவத்தில் சேராம தட்டிக்கழிச்சார்னு அவரைப் பிடிச்சு வச்சிருந்தாங்க.

4/
இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. இன்னிக்கு ஒரு என்.ஹெச்.எல். அணி ஒரு ஆட்டத்துக்கு 20 வீரர்களை இறக்கும். அன்னிக்கு மாற்று வீரர்கள் விரல்விட்டு எண்ணுற அளவுதான். அதனால களத்துல இருக்கிறவர் கிட்டத்தட்ட ஆட்டம் முழுக்க ஓடியாகணும்.

5/
நாலாவது ஆட்டம் கூடுதல் நேரம் ஆடியும் 0-0. அஞ்சாவதுல சியாட்டில் 3-0 முன்னிலை. மான்ட்ரியால் சமன் செஞ்சு, கூடுதல் நேரத்துல ஜாக் மெக்டொனால்ட் கோலால் 4-3 ஜெயிச்சது. அதே ஆட்டத்துல, மான்ட்ரியாலின் தடுப்பாட்டக்காரர் ஜோ ஹால் உடம்பு முடியாம பாதியிலேயே வெளியேறினார். தொடர் 2-2, ஒரு டிரா.

6/
முடிவைத் தீர்மானிக்கும் ஆட்டம் ஏப்ரல் 1. அன்னிக்கு ஹால், மெக்டொனால்ட், லலோண்ட் உட்பட அஞ்சு மான்ட்ரியால் வீரர்களும், மேலாளர் ஜார்ஜ் கென்னடியும் காய்ச்சல்ல படுத்திருந்தாங்க. உலகத்தையே உலுக்கின இன்ஃப்ளூயன்ஸா!

7/
வேற அணியிலிருந்து வீரர்களைக் கடன் வாங்கி ஆடலாமான்னு கென்னடி கேட்டார். அனுமதி கிடைக்கலை. சரி, கோப்பையை நீங்களே எடுத்துக்கோங்கன்னு மான்ட்ரியால் சொன்னது. சியாட்டில் பயிற்சியாளர் பீட் மல்டூன் மறுத்துட்டார். நோயில் விழுந்த எதிரியிடமிருந்து வாங்குற வெற்றி அவருக்கு வேண்டாம். தொடர் கைவிடப்பட்டது.

8/
ஏப்ரல் 5. ஜோ ஹால் சியாட்டிலில் நிமோனியாவில் இறந்தார். இன்ஃப்ளூயன்ஸா மூச்சுக்குழாயின் உள்படலத்தைச் சிதைக்கும். அந்த வழியா பாக்டீரியா நுரையீரலுக்குள் இறங்கும். அன்னிக்குப் பலரைக் கொன்றது இந்த ரெண்டாவது அடிதான். பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928-ல்தான். அன்றைய மருத்துவர்கள் கையில் இருந்தது ஓய்வும் பராமரிப்பும் மட்டுமே.

9/
கென்னடி பிழைச்சார். ஆனா பழைய ஆரோக்கியம் திரும்பவே இல்லை. 1921-ல் இறந்துட்டார். மான்ட்ரியால் அணி கைமாறியது.

10/
இதுல நமக்கு என்ன இருக்கு?

🔸 காய்ச்சலோட ஜிம், மைதானம், மாரத்தான் வேண்டவே வேண்டாம். வைரஸ் தொற்றின்போது இதயத்தசையும் வீங்கலாம். அப்போ கடுமையா உழைச்சா ஆபத்து.
🔸 காய்ச்சல் விட்டு மறுபடி ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலிச்சாலோ உடனே மருத்துவரைப் பாருங்க.
🔸 "நான் இல்லைன்னா வேலை நடக்காது"ன்னு காய்ச்சலோட கிளம்பாதீங்க. உங்க பக்கத்துல உட்காருறவருக்கும் நுரையீரல் இருக்கு.

அன்னிக்குக் கோப்பையே காத்திருந்தது. உங்க வேலையும் ரெண்டு நாள் காத்திருக்கும் 🙏